படகை மொத்தமாகப் பேசுவது

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் நூறு கிலோமீட்டராவது போனால்தான் கடல் கண்ணில் படும். அதனால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போவதென்றால் காரியமாகத்தான் போவோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு. மூன்றாவது முங்கில் மூக்குத்தித் திருகாணியைக் கடல் வாங்கிக்கொண்டது என்று சிம்மக்கல் அத்தை இன்றைக்கும் அங்கலாய்ப்பார். எங்கள் பரம்பரையின் ஆழ்கடல் அனுபவம் அம்புட்டுத்தான். இந்தக் குடும்பம்தான் மாலத்தீவில் ஒரு வாரத்துக்குத் தனிப் படகு பேசப்போகிறது. நான் செயலாளர்.

வினை அக்கா மகன் வழியாக வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், அந்தமானுக்குப் போய் ஸ்கூபா பழகிச் சான்றிதழ் வாங்கி வந்தான். பதினெட்டு மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று அந்த அட்டை சொல்கிறது. ஆதார் அட்டையைக்கூட அவன் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு வந்த இடத்தில், மாலத்தீவுப் பக்கம் 'சஃபாரி போட்' என்று ஒன்று உண்டு, படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டு, தீவு தீவாகப் போய் நாளைக்கு மூன்று தடவை கடலுக்குள் இறங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தனியாளாகப் போனால் ஒரு கேபின் எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாகப் போனால் படகையே மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கவே கூடாது. ஏனென்றால் அப்போதுதான் பெரிய மாமா கரும்பைக் கீழே வைத்தார். தெற்கு மாசி வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். பழனிக்குப் பஸ்ஸை மொத்தமாகப் பேசியவர், கல்யாணத்துக்கு மண்டபத்தையும் அதற்கு எதிரே இருந்த லாட்ஜையும் சேர்த்து மொத்தமாகப் பேசியவர். சில்லறையாக எதையும் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"மொத்தமான்னா எத்தன பேருடா?"

"எட்டு கேபின், பதினாறு பேர், தாத்தா."

"பதினாறா? நம்ம பங்காளிக மட்டுமே இருவது வருவாய்ங்களே" என்றார் மாமா, படகைப் பெரிதாக்க முடியுமா என்ற தொனியில்.

அவ்வளவுதான். முடிவாகிவிட்டது. கடலுக்குள் இறங்கி என்ன பார்ப்போம் என்று அந்தச் சபையில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

மொத்தப் படகு பேசுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேபின் நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் படகுக்காரருக்குப் பேசிய பணம் பேசியபடி போய்ச் சேர வேண்டும். ஒரு கட்டில் காலியானால் அந்தப் பாரம் மிச்சப் பேர் தலையில் ஏறும். ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம் என்று கணக்கு வந்தது, விமானம் தனி. அதற்கு மேல் மாலத்தீவு அரசாங்கத்துக்குப் பச்சை வரி என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். ஆக, இந்தக் காரியத்தை நடத்துகிறவனுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, சீட்டுப் பிடித்த அனுபவம் இருந்தால் போதும். மதுரையில் அதற்கு ஆளா இல்லை? திருநகர் சித்தப்பா பொருளாளரானார். முதல் தவணைக்கு மஞ்சள் அட்டை போட்ட நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'கடல் கணக்கு' என்று எழுதினார்.

அடுத்தது தேதி. இங்கேதான் நான் நிஜமாகவே உழைத்தேன்.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம், மழை குறைச்சல், தண்ணீர் தெளிவு. உலகத்திலிருந்து எல்லோரும் அப்போதுதான் போகிறார்கள். மதுரைக்காரன் மட்டும் போக முடியாது. மார்கழியில் நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்க மாட்டோம். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் தைப்பூசத்துக்குத் தெப்பம். மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போயாக வேண்டும், போகாதவனைப் பங்காளி மதிக்க மாட்டான். பங்குனியில் திருப்பரங்குன்றத்துத் திருவிழாவும் பிள்ளைகளுக்குப் பரீட்சையும். சித்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரைக்காரன் மாலத்தீவுக் கடலில் இறங்கினான் என்று தெரிந்தால் ஊருக்குள் விடுவார்களா?

தெப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் வெட்டியது, ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி அமர்ந்துகொள்வார்கள். கரையில் நிற்கிற ஆட்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். வெளிச்சம், மேளம், பொரிகடலை எல்லாம் உண்டு. இந்த வருஷம் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிய மாமா என் தோளைத் தட்டினார். "பாத்தியா மாப்ள, சாமிக்கே தனிப் படகுதான். ஒரு சொட்டு ஈரம் பட்டுச்சா?" நாங்கள் போகப்போகிற பயணத்தை அவர் எப்படிக் கற்பனை செய்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கியது.

மிச்சமிருப்பது மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவம். அலையும் மழையும் கூடும், ஆனால் அந்த மாதங்களில்தான் பா அட்டோல் தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு என்ற இடத்தில் மான்டா திருக்கைகள் கூட்டங்கூட்டமாக இரை தின்ன வருகின்றன. அட்டோல் முழுவதும் 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். "ஆனா ஹனிஃபாருல சிலிண்டர் மாட்டிக்கிட்டு இறங்கத் தடை. மேலாக மிதந்து மட்டும் பாக்கலாம்" என்று அக்கா மகன் வருத்தத்தோடு சொன்னான். சபையில் ஒரு சந்தோஷம் பரவியது. "இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானப்பா" என்றார் சித்தப்பா. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஏகமனதாக ஓட்டு விழுந்தது. அதே உற்சாகத்தில் அவன் இன்னொரு விதியையும் சொன்னான். கடைசியாக முங்கி எழுந்தபின் பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும், அதனால் கடைசி நாள் யாரும் இறங்க முடியாது. கைதட்டல். முதல் நாளும் இப்படி ஏதாவது விதி உண்டா என்று அத்தை ஆவலோடு கேட்டார்.

ஆடியும் ஆவணி மூலமும் புரட்டாசிக் கொலுவும் போக, தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்து பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போடுவதற்கு முன் ஒரே ஒரு வாரம் சிக்கியது. அதைக் கண்டுபிடித்ததற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். குடும்பக் கூட்டத்தில் சால்வை வாங்கியவன் மதுரையிலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதன்பின் கேபின். படகுக்காரர் அனுப்பிய வரைபடத்தில் கீழ்த்தளத்தில் ஆறு அறை, மேல்தளத்தில் இரண்டு. மேல்தளத்தில் பெரிய ஜன்னல், கீழ்த்தளத்தில் இன்ஜின் சத்தம். மேலே ஓர் அறை மாமாவுக்கு என்பதில் விவாதமில்லை. இன்னொன்று யாருக்கு? தஞ்சாவூர்ச் சம்பந்திக்குத்தான். கொடுக்காவிட்டால் மாமா மகள் அங்கே குடித்தனம் நடத்த வேண்டாமா? கொடுத்தோம். அவர் சும்மா இருந்திருக்கலாம். அறையையும் வாங்கிக்கொண்டு, "மாலத்தீவு எங்களுக்குப் புதுசில்லீங்க. ராஜராஜ சோழன் அப்பவே பிடிச்ச இடம்தானே" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளைக் கொண்டதாக ராஜராஜனின் மெய்க்கீர்த்தி பேசுகிறது, அது மாலத்தீவுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. இன்றைக்கு எண்ணினால் அங்கே ஏறக்குறைய 1,200 தீவுகள். மதுரையில் அரசியல் மாநாடு பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் பழக்கமானது. மேடையில் அறிவிக்கிற கூட்டத்துக்கும் நாற்காலி வாடகைக்காரர் போடுகிற பில்லுக்கும் எப்போதும் இப்படித்தான் ஒரு சைபர் இடிக்கும்.

ஆனால் மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "சோழனுக்குத் தீவுன்னா பாண்டியனுக்கு என்ன மாப்ள? தேடு" என்றார். தேடினேன், கிடைத்தது. சொல்லப்போனால் இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

முத்து. கொற்கை முத்து ரோம் வரைக்கும் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று மதுரையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். குளிகாரர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிச் சரசரவென்று அடிக்குப் போவார். கல்லை மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஒரே மூச்சு, ஏறத்தாழ ஒரு நிமிஷம். அதற்குள் சிப்பிகளைப் பைக்குள் வாரிப் போட்டு மேலே வர வேண்டும். சிலிண்டர் கிடையாது, ரப்பர் சட்டை கிடையாது. கூஸ்தோவும் காஞானும் 1943இல் தானியங்கிக் காற்றுக் கருவியை உருவாக்குவதற்குப் பல நூற்றாண்டு முன்னாலிருந்தே நடந்து வந்த வேலை இது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பது இன்னும் இருக்கிறது.

வரி போட்டது கல் கணக்கில். எத்தனை கல் இறங்குகிறதோ அத்தனைக்கு வரி. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் இதற்குப் பேரேடு வைத்திருந்தார்கள். யார் யாருக்கு வரியில்லாமல் எத்தனை கல் என்று அதில் பட்டியல். மதுரை நாயக்கருக்கு எழுதியிருப்பது தொண்ணூற்றாறரைக் கல்.

அந்த அரையில்தான் நான் நின்றுவிட்டேன். அரைக் கல் எப்படி இறங்கும்? பாதி ஆழம் போய்த் திரும்புமா? பங்கு பிரித்த கணக்கு என்று அறிவு சொல்கிறது. ஆனால் எனக்கு அதில் மதுரையே தெரிந்தது. கடலுக்குப் பல காத தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கால்கூட நனையாமல், 'தொண்ணூற்றாறு எப்படிய்யா சரியாகும், அந்த அரையையும் சேர்த்து எழுது' என்று பேசி வாங்கியிருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். "நம்மாளு மாப்ள" என்றார்.

சுறா பயத்துக்கும் அங்கேயே மருந்து இருந்தது. மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: முத்துக்குளிப்பில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான், ராத்திரியானால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். கடல்கட்டி என்ற பெயரில் இந்த உத்தியோகம் ஆங்கிலேயர் காலம் வரை ஓடியது. ராத்திரி ஏன் அவிழ்க்கிறார்கள் என்று மாமாவுக்கு விளக்கத் தேவை வரவில்லை. "திருட்டுக்குளி நடக்கும்ல. செலவில்லாத வாட்ச்மேன்" என்றார். கடை வைத்திருந்தவர் அல்லவா.

அத்தை இதற்கும் மசியவில்லை. அவருக்குத் தெரிந்த சுறா ஒன்றுதான், திருவிளையாடல் புராணத்துச் சுறா. வலை வீசின படலத்தில் நந்திதேவரே சாபத்தால் சுறாவாகிக் கடலைக் கலக்குவார், சொக்கநாதர் வலைஞராக வந்து பிடிப்பார், பரதவர் வீட்டில் பிறந்த அம்மனைக் கல்யாணம் செய்துகொள்வார். "அது நந்திடா. கும்பிடணும்" என்பது அத்தையின் நிலை. திருநகர் சித்தப்பாவுக்குத் தெரிந்த சுறா வேறு. சின்ன வெங்காயமும் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு உதிர் உதிராக வந்தால் அது சுறாப்புட்டு. மாலத்தீவில் 2010 முதல் சுறா பிடிக்கத் தடை என்று கேட்டதும் அத்தை கைகூப்பினார். சித்தப்பா, "அப்ப மதியத்துக்கு என்ன?" என்றார்.

மருத்துவப் படிவம் வந்த அன்றுதான் படகின் உண்மையான நிலவரம் தெரிந்தது. ஸ்கூபா பழகுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஆஸ்துமா உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா, சர்க்கரை உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவர் கையெழுத்தில்லாமல் இறங்க முடியாது. எங்கள் குடும்பத்தில் எந்த வியாதிக்கும் 'லேசா' என்று ஓர் அடைமொழி உண்டு. லேசா சுகர், லேசா பிரஷர், லேசா ஒரு அட்டாக். படிவத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டே கட்டம். "லேசாவுக்கு எங்கப்பா கட்டம்?" என்று கேட்டு ஆளாளுக்குப் பேனாவை மூடி வைத்தார்கள். முகத்தில் கவலை தெரிந்தது, கண்ணில் விடுதலை தெரிந்தது.

தண்ணீர் பயம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலூர்ப் பக்கமும் அலங்காநல்லூர்ப் பக்கமும் கிணற்றில் வளர்ந்தவர்கள் இவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட தலைமுறை. குடுக்கை இல்லாமல் நீந்த வந்துவிட்டால் அடுத்த பந்தயம், அடிக்குப் போய்ப் பிடி மண் எடுத்து வருவது. மேலே வந்து கையை விரிக்கும்போது விரலிடுக்கில் கறுப்புக் களிமண் ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் சாட்சி. கரைந்துபோயிருந்தால் நம்ப மாட்டார்கள், மறுபடி போக வேண்டும். பெரிய மாமா அந்தக் காலத்தில் பெயர் பெற்ற மண் எடுப்பாளர். "அங்க அடியில மண்ணு இருக்குமாடா?" என்று அக்கா மகனிடம் கேட்டார். இருக்கும், ஆனால் எதையும் தொடக்கூடாது, பவளம் உயிருள்ளது, கையும் காலும் படாமல் மிதந்தபடியே பார்த்துவிட்டு வர வேண்டும் என்றான். "அப்ப போய்ட்டு வந்ததுக்கு என்னடா சாட்சி?" அவனிடம் பதில் இல்லை. மாமாவுக்கு ஸ்கூபா மேலிருந்த மரியாதை அன்றைக்கே பாதியாகிவிட்டது.

மூத்தவர்கள் வேறு ஒரு யோசனையும் சொன்னார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நமக்கே இருபத்தொரு தீவு இருக்கிறதே? இருக்கிறது. 1986 முதல் அது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர். அனுமதியில்லாமல் தீவுகளில் கால்வைக்க முடியாது, தங்கிச் சுற்றுகிற படகெல்லாம் பேச்சுக்கே இல்லை. அது சரியும்கூட. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் என்று ஒரு காலத்தில் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தோம். அதில் இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும். அந்தமான் என்றால் பாரன் தீவு எரிமலையைச் சுற்றிக்கொண்டு வரலாம். 1991இல் மறுபடி விழித்த எரிமலை என்றதும் சம்பந்தி வீட்டம்மா, "புகை ஆகாதுங்க, எனக்கு லேசா வீசிங்" என்றார். மாலத்தீவே நிலைத்தது.

சாப்பாட்டுப் பேச்சு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. அதை இங்கே எழுதினால் பத்திரிகை தாங்காது. படகில் சமையல்காரர் உண்டு, மாசிக்கருவாட்டுச் சம்பல் போடுவார் என்பது வரை ஒத்துக்கொண்டார்கள். காய்கறி எப்படியென்று கேட்டபோது, தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் காய்கறியும் மாலேக்குக் காலங்காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னேன். நம்மூர் வெங்காயம் நமக்கு முன்னால் போய்விட்டதே என்று எல்லோருக்கும் ஒரு சின்ன வருத்தம்.

போன வாரம் படகுக்காரரிடமிருந்து கடிதம். முன்பணம் கிடைத்தது, நன்றி. காற்றடிக்கும் கம்ப்ரசரும் சிலிண்டர்களும் கூடவே வரும் டோனி என்ற துணைப்படகில் இருக்கும், பதினாறு பேரில் கடலுக்குள் இறங்குபவர்கள் எத்தனை பேர் என்று தெரிவித்தால் அதற்கேற்ப வழிகாட்டிகளை ஏற்பாடு செய்யலாம்.

கூட்டம் கூடியது. அக்கா மகன் கையைத் தூக்கினான். அடுத்த கை எங்கேயாவது எழுகிறதா என்று மாமா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் ரொம்ப ஆர்வமாக வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சம்பந்தியின் பேரன், கல்லூரியில் படிக்கிறவன், தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். முழங்கை வரைக்கும் வந்ததும் அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீண்ட விவாதம். அஞ்சு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அம்மா படகிலிருந்து கூப்பிட்டால் உடனே வந்துவிட வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கவே கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

"மொத்தம் எத்தனைன்னு எழுதட்டும் மாமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார்.

"ஒன்றரைன்னு எழுது மாப்ள."

எழுதினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது: அந்த அரை நபருக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்? மிச்சப் பதினான்கரைப் பேர் என்ன செய்வார்கள்? முதல் கேள்விக்கு அக்கா மகன் பதில் சொல்லிக்கொள்வான். இரண்டாவதற்கு 'மேற்பார்வை' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் போதுமா, விளக்கமாக எழுத வேண்டுமா என்று முடிவு செய்ய வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். சித்தப்பா வீட்டில். சுறாப்புட்டு உண்டாம். அத்தை வரவில்லை.